ஃபெம்மிக்கு வந்துபோன தட்டம்மை

ரூலி ஊசி போட்டுக்கொண்டது பல்கலைக்கழக விளையாட்டரங்கில், கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். அந்த வசந்த காலத்தில் க்ரோனிங்கன் நகரத்து மாணவர் வீடுகளில் தட்டம்மை புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. படகுச் சங்கத்துப் பையன்கள் வரிசையாகச் சிவந்து போய்ப் படுத்தார்கள். சின்ன வயதில் தடுப்பூசி போடாதவர்கள் வந்து இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று வளாகம் முழுக்க அறிவிப்பு ஒட்டினார்கள். மருத்துவம் படிப்பவர்களிடம் மட்டும் அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஊசி போடாதவர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வரிசையில் பாதிப் பேர் வெளிநாட்டு மாணவர்கள். மீதிப் பேரில் சிலரைப் பார்த்ததுமே ரூலிக்குப் புரிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை, முடியை இழுத்துக் கட்டிய விதம், யார் முகத்தையும் பார்க்காத கண்கள். எல்லாம் அவள் ஊர்ப்பக்கத்து ஜனங்கள். அவளுக்கு நாலு ஆள் முன்னால் நின்றவன் பக்கத்து ஊர் பால்பண்ணைக்காரர் மகன். போன ஞாயிறுதான் ஊர்ச் சபைக் கோவிலில் அவனுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து சங்கீதம் பாடியிருந்தாள். அவன் திரும்பினான், இவளைப் பார்த்தான், பார்க்காத மாதிரியே தரையைப் பார்த்தான். இவளும் தரையைப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொண்டு போகும்போதும் அவன் சுவரோரமாகத்தான் போனான். திருடப் போன இடத்தில் உறவுக்காரனைச் சந்தித்தால் வேறு எப்படி இருக்கும்?

அவர்கள் ஊர் லுட்டர்வேனில் யாரும் தடுப்பூசி போடுவதில்லை. நோய் வந்தால் வைத்தியரிடம் போகலாம், மருந்து தின்னலாம், வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொள்ளக்கூடச் செய்யலாம். ஆனால் வராத நோய்க்கு முன்கூட்டியே மருந்து ஏற்றுவது கர்த்தரின் கையைத் தட்டிவிடுவது என்பார்கள். ரூலியின் அப்பா பெரெண்ட் அந்த ஊர்த் திருச்சபையில் மூப்பர், அதை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தபோது சபையில் முணுமுணுப்பு கிளம்பியது. அப்பா எழுந்து நின்று, என் மகள் நோயாளிக்கு வைத்தியம் பார்க்கத்தான் போகிறாள், அவள் உடம்பில் அந்த ஊசி ஏறாது, அதற்கு நான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதிகம் பேசாத மனுஷர். அவர் சபையில் அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அந்த வாக்கை நினைத்துக்கொண்டேதான் ரூலி சட்டைக் கையை மேலே ஏற்றினாள். ஊசி போட்ட பெண்மணி கலகலப்பானவள். ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சலும் செந்தடிப்பும் வரும், பார்க்க அச்சு அசல் தட்டம்மை மாதிரியே இருக்கும், ஆனால் யாருக்கும் ஒட்டாது, பயப்படாதே என்று சொல்லிப் பஞ்சை அழுத்தினாள். கால் மணி நேரம் உட்காரச் சொல்லி ஒரு பாகு பிஸ்கட்டும் கொடுத்தாள். ரூலி அதைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பாவமும் செய்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அடுத்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனாள். சனிக்கிழமை காலை எழுந்திருக்கவே முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா சமையலறையில் மறுநாளைக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கத்தி எடுக்க மாட்டார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தவள், மகளின் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். ஏழு பிள்ளை பெற்று ஏழுக்கும் வைத்தியம் பார்த்தவள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"வந்துடுச்சு," என்றாள். "ஊரே படுத்த வருஷம் நீ மட்டும் மாடு உதைச்சுக் காலை முறிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தே. உனக்கு ஒருத்திக்குத்தான் பாக்கி இருந்துச்சு. இப்ப எல்லாருக்கும் ஆயிடுச்சு."

படகுச் சங்கத்துப் பையன்களின் கதை ஊர்வரைக்கும் வந்திருந்தது. ஆகவே எங்கிருந்து ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கீழே போனதும் ரூலி கைவிளக்கை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். தட்டம்மை என்றால் கன்னத்தின் உள்பக்கம் உப்புக்கல் மாதிரி வெள்ளைப் பொட்டுகள் இருக்க வேண்டும். இல்லை. இருமல் இல்லை, கண் சிவக்கவில்லை. அது ஊசி காட்டிய வேலை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. படுக்கையில் போய் விழுந்தாள்.

அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பயப்படாதே, நாங்கள் எல்லாரும் இதைத் தாண்டி வந்தவர்கள்தான் என்றார். கண்ணை மூடி அவளுக்காக ஜெபம் செய்தார். ரூலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காய்ச்சல் படுத்துகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

மத்தியானம் அக்கா கெசினா வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடு அவளுடையது. கூடவே மகள் ஃபெம்மி. நாலு வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தை அது. மாதம் நிறையாமல் பிறந்தது. மார்பு பலவீனம். குளிர் வந்தால் போதும், பூனைக்குட்டி மாதிரி இரைக்கும். கெசினா அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டாள், பள்ளிக்கூடத்தையும் அஞ்சு வயதுவரை தள்ளிப் போடுவதாக இருந்தாள். ஊர்ப் பெண்கள் அவளைக் கண்ணாடிப் பாத்திரக்காரி என்று கேலி பேசுவார்கள். அன்றைக்கும் அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆனால் ஃபெம்மி கெசினாவின் கைக்கு அடியில் நுழைந்து ஒரே ஓட்டமாக ஓடிவந்து கட்டிலில் ஏறிக்கொண்டது.

கெசினா குழந்தையை இழுக்கக் கை நீட்டினாள். அம்மா பின்னால் நின்றுகொண்டு, "விடும்மா. தேடியும் போக வேணாம், ஓடியும் ஒளிய வேணாம். வர்றது வரட்டும்," என்றாள். கெசினாவின் கை அந்தரத்திலேயே நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

ரூலி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன யோசித்தாள் தெரியுமா? என்னிடமிருந்து இவளுக்கு ஒன்றும் ஒட்டாது, அப்புறம் நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று யோசித்தாள். மருத்துவம் படிக்கிற மூளை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நகர்ந்து படுத்துக் குழந்தைக்கு இடம் விட்டாள்.

ஃபெம்மி சித்தியின் கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு பேனாவால் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தது. "சித்தி, அசையாதே. உன் கையில ஒரு மாடு இருக்கு, நான் அதை வெளியே எடுக்கறேன்," என்றது. மாட்டுக்கு அஞ்சு கால் வந்தது. ஒன்று கூடிப்போச்சே என்று ரூலி சொன்னதற்கு, அது உதைக்கிற கால் என்று பதில் வந்தது. அந்தக் காய்ச்சலிலும் ரூலி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ரூலி க்ரோனிங்கன் திரும்பி, எழுந்து நடமாடி, முதன்முதலாகக் குழந்தைகள் வார்டுக்குள்ளும் போய் வந்த பிறகு ஒரு நாள் கெசினா கைபேசியில் கூப்பிட்டாள். ரூலி வகுப்புக்கு வெளியே மிதிவண்டிகளுக்கு நடுவில் நின்று பேசினாள். அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"நல்ல சேதிடி. ஃபெம்மிக்கும் வந்துடுச்சு. வந்து போயும் போயிடுச்சு. ரெண்டு நாள் காய்ச்சல், வயித்துல லேசாச் சிவப்பு, அவ்வளவுதான். மூச்சுகூட இரைக்கல."

டாக்டரிடம் காட்டினாயா என்று ரூலி கேட்டாள். எதுக்குடி, அம்மா பார்த்தாங்களே, அம்மாவுக்குத் தெரியாத தட்டம்மையா என்றாள் கெசினா.

 அவளிடமிருந்து அது வந்திருக்கவே முடியாது. குழந்தைக்கு வந்தது ஏதோ ஒரு சில்லறைக் காய்ச்சல். வேர்க்குருவாகக்கூட இருக்கலாம். ஃபெம்மிக்குத் தட்டம்மை வரவில்லை. இனிமேல்தான் வரக் காத்திருக்கிறது. இதை அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அக்கா, எனக்கு வந்தது தட்டம்மையே இல்லை, நான் ஊசி போட்டுக்கொண்டேன். அரை நிமிஷ வேலை. அவள் சொன்னது வேறு.

"நல்லது அக்கா," என்றாள்.

அப்பாவுக்காக என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். விஷயம் வெளியே வந்தால் அவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மூப்பர் வரிசையில் உட்காருவார்? கெசினாவிடம் சொன்னால் அவள் கணவன் ஹார்முக்குப் போகும், அவனிடமிருந்து அவன் அம்மாவுக்குப் போகும், அதற்கப்புறம் ஊருக்கே மணி அடித்த மாதிரிதான். இந்த வட்டாரத்தில் தட்டம்மை ஒரு தடவை வந்தால் அடுத்தது வரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்றும் சொல்லிக்கொண்டாள். அதற்குள் எப்படியாவது சொல்லிவிடலாம், நேரம் பார்த்துச் சொல்லலாம். இப்படி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பவர்களை என்ன செய்வது? நாலு அறை கொடுக்கத்தான் தோன்றுகிறது.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு, கோவில் விட்டு வந்து எல்லாரும் காப்பி குடித்த பிறகு, அக்காவும் தங்கையும் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே ஃபெம்மி மற்ற பிள்ளைகளோடு கத்திக்கொண்டு ஓடியது. போன வருஷம்வரை அதைக் கம்பளியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்த கெசினா, இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். வயிற்றில் இன்னொன்று தங்கியிருப்பதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

ரூலி துண்டைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அந்தத் தட்டம்மை..." என்று ஆரம்பித்தாள்.

கெசினா ஈரக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்டி. இத்தனை வருஷம் ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்கினதில்ல. உன்னாலதான் இப்பத் தூங்கறேன்."

அந்த நேரம் பார்த்து அப்பா வெறும் கோப்பையோடு உள்ளே வந்தார். இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். ரூலி சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

இலையுதிர் காலம் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் என்று அவள் போட்ட கணக்கையெல்லாம் தட்டம்மை சட்டை செய்யவில்லை. ஊர்ப்பக்கத்துப் பள்ளிகளில் நோய் பரவுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். லுட்டர்வேன் பெயரும் அதில் வந்தது. ரூலி உடனே அக்காவைக் கூப்பிட்டு, ஃபெம்மியைப் பள்ளிக்கு அனுப்பாதே என்றாள்.

கெசினா சிரித்தாள். "டாக்டருக்குப் படிக்கிற லட்சணமா இது? ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு உங்க புத்தகத்துல போடலையா? அவதான் உன்கிட்ட வாங்கிட்டாளே."

"அனுப்பாதே அக்கா. நான் நேர்ல வந்து சொல்றேன்."

"இவளும் சரி, இவ படிப்பும் சரி," என்று அக்கா வைத்துவிட்டாள். ரூலி அன்றைக்கே ரயில் ஏறியிருக்கலாம். பரீட்சை இருந்தது. எழுதிவிட்டுப் போனாள். குழந்தை நல மருத்துவத்தில் பரீட்சை, வேறு எதில்?

அவள் போய்ச் சேர்ந்தபோது கெசினா வீட்டில் பகலிலேயே திரை இழுத்துவிட்டிருந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பிள்ளை அழுகிறாள், வெறும் சளிதான் என்றாள் கெசினா. சோபாவில் ஃபெம்மி சுருண்டு கிடந்தது. கண் ரத்தச் சிவப்பு. நாய் குரைக்கிற மாதிரி ஓர் இருமல். ரூலி மண்டியிட்டு, வாயைத் திறடா கண்ணே என்று கைபேசி வெளிச்சத்தைக் காட்டினாள். தன் வாயில் அன்று தேடித் தேடிக் கிடைக்காத வெள்ளைப் பொட்டுகள் அந்தச் சின்ன வாயில் இரண்டு கன்னத்திலும் அப்பிக் கிடந்தன.

இது தட்டம்மை, உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். கெசினா புரியாமல் பார்த்தாள். எப்படி, எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். முதலில் கிளம்பு, எல்லாம் அப்புறம் சொல்கிறேன் என்றாள் ரூலி. அப்போதும் அப்புறம்தான்.

டாக்டர் மருந்தும் சத்து மாத்திரையும் கொடுத்து, மூச்சு வாங்கினால் அந்த நிமிஷமே ஸ்வோலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பினார். உடம்பு முழுக்கச் செந்தடிப்பு இறங்கியது. அதற்கு மறுநாளே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஏற்கெனவே பலவீனமான மார்பு. நோய் நேராக அங்கேதான் போய் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் ஃபெம்மியைத் தனி அறையில் போட்டு, கடைசியில் மூச்சுக் குழாயும் வைத்தார்கள். அம்மா, அப்பா, ஹார்ம், கெசினா, ரூலி எல்லாரும் தாழ்வாரத்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் டாக்டர் அந்த அறையிலிருந்து வெளியே வந்தாள். இளம் வயது, களைத்த முகம். முன்பு இந்தக் குழந்தைக்கு என்னென்ன நோய் வந்திருக்கிறது என்று விசாரித்தாள்.

"தட்டம்மை ஏற்கெனவே வந்துபோச்சு டாக்டர். வசந்த காலத்துல. அதான் எங்களுக்கு ஒண்ணும் புரியல," என்றாள் கெசினா.

டாக்டர் தலையை ஆட்டினாள். அப்போது வந்தது தட்டம்மையாக இருக்காது, யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் பார்த்தேன் என்றாள். இதோ இருக்கிறாளே என் தங்கை, இவளிடமிருந்துதான் பிள்ளைக்கு ஒட்டியது, இவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வந்தது என்று கெசினா ரூலியைக் கை காட்டினாள். டாக்டர் ரூலி பக்கம் திரும்பினாள். உங்களுக்கு அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா என்றாள்.

ரூலி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் டாக்டரோடு டாக்டராகப் பேசப் போகிறாள் என்று காத்திருக்கிற முகம்.

"எனக்கு வந்தது தட்டம்மை இல்ல," என்றாள். "வளாகத்துல ஊசி போட்டுக்கிட்டேன். ஊசியால வந்த தடிப்பு அது. யாருக்கும் ஒட்டாது. ஃபெம்மிக்கு அப்ப வந்தது வேற ஏதோ காய்ச்சல்."

டாக்டர் மெதுவாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. அம்மா ஜெபம் செய்வது போல் உதட்டை அசைத்தாள், ஆனால் சத்தம் வரவில்லை. கெசினா கேட்டாள்: "உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் கூப்பிட்டுச் சொன்னப்பவே தெரியுமா?"

ஆமாம் என்று ரூலி தலையசைத்தாள்.

கெசினா கத்தவில்லை. மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மெப்பல்ல ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருந்தேன். அங்க நம்மள யாருக்கும் தெரியாது. உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை. சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு இவளுக்கு ஊசி போட்டுட்டு வந்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவளுக்கு வந்து, லேசாப் போயிடுச்சு. கர்த்தரே பதில் சொல்லிட்டார்னு நெனச்சேன். டாக்டரைக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லிட்டேன்."

ஹார்ம் மனைவியைப் பார்த்தான். நல்லவன்தான், உழைப்பாளி, எதையும் துருவித் துருவிக் கேட்கத் தெரியாதவன். நீயுமா என்று மட்டும் கேட்டான். கெசினா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெகுநேரம் கழித்து வந்து ரூலியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் திட்டட்டும், வீட்டுக்கு வராதே என்று சொல்லட்டும், எதற்கும் தயாராகத்தான் அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க வாக்குக் கொடுத்தீங்கப்பா. உங்க மூப்பர் பதவி போயிடும்னு..."

"போனா போயிட்டுப் போகுது. அது ஒரு நாற்காலி. நான் இறங்கி ரெண்டு வரிசை பின்னாடி உட்கார்ந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். ரூலிக்கு அந்த ஆஸ்பத்திரித் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எந்த நாற்காலிக்காக ஆறு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாளோ, அவர் அதை ஒரு பேச்சில் தூக்கி எறிந்துவிட்டார். கேட்டிருந்தால் போதும். அவள் கேட்கவே இல்லை.

ஃபெம்மி மறுநாள் காலையில் போய்விட்டது. குழாயை எடுத்த பிறகு கெசினா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நர்ஸ் வந்து தோளைத் தொடுகிறவரை தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். ரூலி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அவர்கள் வழக்கப்படி பூ இல்லை, பாட்டு இல்லை, பெட்டியைச் சுமந்துபோய் வைத்தார்கள். அப்பா அதற்கு முந்தின நாளே மூப்பர் பதவியை விட்டு இறங்கியிருந்தார், சொன்ன மாதிரியே. எதற்காக இறங்கினார் என்று சபையில் எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையைத்தான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

அந்த உண்மையை ஊர் என்ன செய்தது என்பதைத்தான் ரூலியால் தாங்க முடியவில்லை. அவள் மறைத்ததால் குழந்தை போயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊசி போட்டதால் போயிற்று என்றார்கள். மூப்பர் வீட்டுக்குள் அந்த ஊசி ஏறியது, கர்த்தர் கையை நீட்டினார், குடும்பத்திலேயே சின்னதைத் தொட்டார். எவ்வளவு சுத்தமாகப் பொருந்திப்போகிறது பாருங்கள். தாய்மார்கள் பள்ளி வாசலில் அதைக் கிசுகிசுத்தார்கள். கெசினா போக நினைத்த மாதிரி மெப்பல் டாக்டரிடம் ரகசியமாகப் போய்வருகிற பெண்கள் ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் அவர்களும் போவதை நிறுத்திவிட்டார்கள். விளையாட்டரங்கு வரிசையில் நின்றானே அந்தப் பால்பண்ணைக்காரர் மகன், அவன் ஊருக்கு வருவதையே விட்டுவிட்டான்.

குளிர்காலம் முழுக்க கெசினா தங்கையோடு பேசவில்லை. ரூலி அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை. அவள் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள் என்கிறார்கள். தட்டம்மை தொற்றாத உடம்பு, எந்த அறைக்குள்ளும் தைரியமாகப் போகலாம். ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் அவளுக்கு அது உறைத்தது.

வசந்தம் பிறந்ததும் கெசினாவுக்கு இன்னொரு பெண் பிறந்தது. குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது அம்மா கூப்பிட்டு, அக்கா உன்னை வரச் சொல்கிறாள் என்றாள். ரூலி முதல் ரயிலைப் பிடித்துப் போனாள். அக்கா இளைத்திருந்தாள். காப்பி போட்டாள், ரொட்டி வைத்தாள். பிறகு தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துத் தானாகவே தங்கையின் கையில் கொடுத்தாள். கதகதப்பாக, கனமாக, நிறைமாதக் குழந்தை. ரூலியின் கண்ணீர் அதன் போர்வையில் சொட்டியது.

நேரம் வரும்போது நானே இவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், க்ரோனிங்கனுக்கே கொண்டுபோய் ஊசி போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ரூலி தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்த வார்த்தைக்காகத்தான் அக்கா வரச் சொல்லியிருக்கிறாள் என்று ரயிலில் வரும்போதே ஆசை ஆசையாக நினைத்திருந்தாள்.

கெசினா ஜன்னலைக் காட்டினாள். வெளியே ஹார்ம் வேலியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான்.

"ஞானஸ்நானத்தன்னிக்கு மூப்பர்கள் முன்னாடி வாக்குக் கொடுத்துட்டார். இவ உடம்புல ஊசி ஏறாதுன்னு. முன்னாடியெல்லாம் அவர் எதையும் கேக்கவே மாட்டார்டி. சந்தைக்குப் போறேன்னா போயிட்டு வான்னுவார். இப்ப நான் எங்க கிளம்பினாலும் கூடவே வர்றார். அவங்க அம்மா தினம் வந்து பிள்ளையோட ரெண்டு கையையும் தொடையையும் பார்த்துட்டுப் போறாங்க."

 குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

"இதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன்," என்றாள் கெசினா. குரலில் கோபம்கூட இல்லை. "சொல்றதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும் ரூலி. அன்னிக்குச் சொல்லலைன்னா கடைசிவரைக்கும் சொல்லாமலே இருந்திருக்கணும்."

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள். ரூலி குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள்.